கடுக்காய்ச் சாறு ஏறிய படமரம்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் நெசவாளர் சங்கத் தலைவர் திருஞானசம்பந்தம் அவர்களே! பிள்ளையார்பாளையத்தின் பெருமை காக்கும் பெரியோர்களே! தறிக்குழியில் கால் பதித்துத் தரணிக்கே பட்டுத் தரும் தாய்மார்களே! சாயக்காரன் பஞ்சாட்சரத்தின் சாயம் போகாத வணக்கம்!

ஐப்பசி வந்தால் நமக்கு நேர்வதென்ன? குழியில் ஈரம் கசிகிறது. நெய்த துணியைச் சுருட்டும் படமரம் முறுக்கிக்கொள்கிறது. சேலையின் ஒரு கரை இறுகுகிறது, மறு கரை தொய்கிறது. மிச்சத்தைக் கறையான் தின்கிறது! மழையைக் கண்டு உழவன் சிரிக்கையில் நாம் மட்டும் ஏன் அழ வேண்டும்?

என் பட்டறையில் கடுக்காய்ச் சாறு கிண்டும் கழி ஒன்று உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளாக நனைகிறது, காய்கிறது. வளைந்ததா? இல்லை! கறையான் தொட்டதா? இல்லவே இல்லை! கழிக்கு வாய்த்த வரம் படமரத்துக்கு வாய்க்காதா? போன ஆண்டு தச்சர் கோதண்டபாணியும் நானும் புது மரம் ஒன்றை நாற்பது நாள் அந்தச் சாற்றில் ஊறப்போட்டோம். நிழலில் உலர்த்தி வேப்பெண்ணெய் ஏற்றினோம். நம் தெருவில் நெய்யும் தில்லையம்மாள் தம் தறியைத் தந்தார். அதில் ஏறியது அவர் மகளின் முகூர்த்தச் சேலை!

பத்தாம் நாள் பட்டில் கன்னங்கரேல் என்று கறை! மரம் ஆடக் கூடாதென்று அவசரத்தில் நான் அடித்தது இரும்பு ஆணி. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு என்பது சாயக்காரன் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். எனக்கு மறந்துபோயிற்று! பஞ்சாட்சரம் கடுக்காய் கொடுத்துவிட்டான் என்று தெருவே பேசியது. சிரியுங்கள் ஐயா, சிரியுங்கள்! அன்று நான் அழுதேன்.

கல்யாணத்துக்கு இருபத்தாறே நாள். கூனிக் குறுகிப் போய் நின்றேன். தில்லையம்மாள் சொன்னார்: “அழுதுக்கினு நின்னா கறை போவுமாப்பா? மரம் நேராத்தானே இருக்குது? ஆணியப் புடுங்கிட்டு மூங்கில் முளை அடிச்சிக் குடு. மறு சேலையும் இதுலயே நெய்றேன்.”

அடைமழை கொட்டியது. குழியில் நீர் ஊறியது. தெருவெல்லாம் தறி நின்றது; தில்லையம்மாள் தறி மட்டும் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது! முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே சேலை இறங்கியது. மரம் மயிரிழை கூட வளையவில்லை!

பின்வரிசையில் என்ன சத்தம்? “மறுபடி கறுத்துப்போனா இன்னா பண்ணுவே?” என்கிறார் நமச்சிவாயம். நியாயமான கேள்வி. இரும்பு இனி என் தொட்டிப் பக்கமே வராது ஐயா! ஐப்பசிக்கு இன்னும் மூன்று மாதம். நாளைக் காலை தொட்டி நிரம்புகிறது. முதல் மரம் யாருடையது? கை தூக்குங்கள்!

ஆகா! முதலில் எழுவது தில்லையம்மாள் கை! அம்மா, உங்களிடம்தான் மரம் இருக்கிறதே?

கேட்டீர்களா, அவர் சொன்னதை? “எங்க வீட்ல இன்னொரு தறி இருக்குதுப்பா!”

இனி நான் பேச என்ன இருக்கிறது? அதோ, நமச்சிவாயமும் கை தூக்குகிறார்! பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, பட்டறையில் சந்திப்போம் என்று கைகூப்பி அமர்கிறேன். வணக்கம்!