நலப் பெட்டியின் சாவி

என் பெயர் செல்வகணேஷ். வயது இருபத்தாறு. இருப்பது திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில், ஒரு வீட்டு மாடியில் தனி அறை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பேசுகிறேன். நான் பேசப் பேச போன் எழுதிக்கொள்கிறது. நம் புளியங்குடிப் பேச்சு அதற்குப் புரியவில்லை, தப்புத் தப்பாக அடிக்கிறது. அதனால் செய்தி வாசிக்கிறவரைப் போல நிறுத்திச் சொல்கிறேன். மற்றவர்கள் பேசியதை மட்டும் அவர்கள் பேசினபடியே பிறகு கையால் திருத்திக்கொண்டேன்.

இது என் அக்கா செண்பகவல்லிக்கு. அவளிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. அதனால் பக்கத்து வீட்டு சபீனா மதினி போனுக்கு அனுப்புகிறேன். அவர்கள் வீட்டில் யார் எடுத்தாலும் அக்காவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

அத்தான் இறந்து மூன்று மாதம் ஆகிறது. அக்கா அத்தான் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள், பூ வைப்பதில்லை என்று அம்மா சொன்னாள். நெஞ்சுவலியை ஒளித்துவிட்டார் என்று அக்காவுக்குக் கோபம். அத்தான் ஒளிக்கவில்லை. அதைச் சொல்வதற்குத்தான் இது.

நான் வேலை பார்ப்பது நெடுமங்காடு போகிற வழியில் ஒரு பெரிய லாண்டரி. டவுன் ஆஸ்பத்திரிகளின் விரிப்புகளும், பொன்முடி, கல்லாறு பக்கத்து விடுதிகளின் விரிப்புகளும் எங்களிடம்தான் வரும். சனி, ஞாயிறு டூரிஸ்ட் கூட்டம் என்றால் திங்கட்கிழமை மலை போல் குவியும். துவைத்த விரிப்பைச் சூடான ரோலருக்குள் இரண்டு பேர் விரித்துக் கொடுக்க வேண்டும். எட்டு மணி நேரம் ஆவிக்கு முன்னால் நிற்கிற வேலை. அத்தானை நான்தான் ஊரிலிருந்து கூட்டிவந்து அந்த ரோலரில் சேர்த்துவிட்டேன். வன்னியராஜ், நாற்பத்தேழாம் நம்பர்.

போன வருஷம் கம்பெனியில் ஒரு நல்ல திட்டம் வந்தது. இன்றைக்கும் அதை நல்ல திட்டம் என்றுதான் சொல்வேன். ஆபீஸிலிருந்து ராஜஸ்ரீ மேடம் என்னைக் கூப்பிட்டார். கோட்டைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், நல்ல மனசு.

"செல்வா, ஆளுகளுக்கு மனசும் உடம்பும் நன்னா இருந்தாத்தான் வேலையும் நன்னா நடக்கும், கேட்டோ. ஆனா நம்மகிட்ட வந்து பறைய அவாளுக்குப் பயம். அவா பாஷை பேசற ஒருத்தன் நடுவுல வேணும். நீ இருப்பாயோ?"

இருப்பேன் என்றேன். அதுவரை நானும் விரிப்பு மடிக்கிறவன்தான். எனக்கு ஒரு நீல சட்டை கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் நம்பர் போட்ட மூன்று டோக்கன். பச்சை என்றால் நன்றாக இருக்கிறேன். மஞ்சள் என்றால் சுமார். சிவப்பு என்றால் முடியவில்லை. காலையில் உள்ளே வரும்போது ஒன்றைப் பலகையில் மாட்ட வேண்டும். சிவப்பு மாட்டினால் அன்றைக்கு ரோலர் கிடையாது, உட்கார்ந்து செய்கிற வேலை. கம்பெனி வண்டியில் டாக்டரிடமும் கூட்டிப்போவார்கள். நான் அதைப் பார்த்து போனில் ஏற்ற வேண்டும். அது நேராக மேடத்துக்குப் போகும்.

எனக்கு 'சிக்னல்' என்று பேர் வைத்தார்கள். மடிக்கிற பகுதியில் மீரா என்று ஒரு பெண், வள்ளியூர்க்காரி, தினமும் கேட்பாள்.

"ஏ சிக்னலு, இன்னைக்கு ரோடு தொறந்திருக்கா?"

"நீ மொதல்ல ஹெல்மெட் போடு" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். வேலைக்கு அந்த மாதிரிச் சிரிப்பு நல்லது.

முதல் மாதம் சிவப்பு நிறைய விழுந்தது. சூப்பர்வைசர் மகேஷ்குமாருக்கு ஆள் போதவில்லை. "எந்தா செல்வா, ஒரு ஷிஃப்டில் நாலு ரெட்டோ? ரோலர்ல ஞானும் நீயும் நிக்குமோ?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. நான் சிவப்பு மாட்டினவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து என்ன ஏது என்று கேட்டேன். கேட்கக் கேட்க அவர்களுக்கே லேசாகி, பாதிப் பேர் மஞ்சளுக்கு மாற்றிக்கொண்டார்கள். எனக்குப் பேசத் தெரிகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

பலகையில் மாட்டினால் நாலு பேர் பார்க்கிறார்கள், வெட்கமாக இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். மூடின பெட்டி வைக்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். ப்ரைவஸி என்று மேடம் மிகவும் பாராட்டினார். பெட்டிக்கு ஒரு சாவி. அது என்னிடம் இருந்தது.

பெட்டி வந்த இரண்டாவது வாரம் மீரா சிவப்பு போட்டிருந்தாள். முந்தின நாள் வீட்டில் சண்டை என்று எனக்குத் தெரியும். மஞ்சள் என்று ஏற்றினேன். சாயங்காலம் அவள் சிரித்துக்கொண்டுதான் பஸ் ஏறினாள். நான் கணித்தது சரியாக இருந்தது. அதற்குப் பிறகு யாருக்கு நிஜமாக முடியவில்லை, யாருக்கு வெறும் அசதி என்று நானே பார்த்து ஏற்ற ஆரம்பித்தேன். ஒருவனுக்கு முடியவில்லை என்று எழுதி வைத்தால் அவனுக்கு மேலும் முடியாமல் போகும். அதை நான் உறுதியாக நம்பினேன்.

சிவப்பு போட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்றதும் ஆட்கள் போடுவதைக் குறைத்தார்கள். பெட்டியில் பச்சை தானாகவே கூடியது. கல்ச்சர் மாறுகிறது என்று மேடம் மீட்டிங்கில் சொன்னார். திரையில் இரண்டு கோடு காட்டினார், ஒன்று எங்கள் நலம், ஒன்று வேலை. இரண்டும் சேர்ந்து மேலே போயின. சிவப்பே இல்லாமல் நூறு நாள் ஓடினால் என்னை ஆபீஸுக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நடுவில் ஒரு சிவப்பு வந்தால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

அத்தான் முதல் சிவப்பு போட்டது எண்பத்து நான்காம் நாள். மறுநாளும் போட்டார். ஞாயிறு தவிர, தொடர்ந்து பதினோரு நாள் போட்டார். நான் பதினோரு நாளும் பச்சை ஏற்றினேன்.

அக்கா, அவர் என்னிடம் வாய்விட்டும் கேட்டார். பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம்.

"மாப்ள, எடது கை மரத்து மரத்துப் போவுது. படியேறுனா நெஞ்சப் பிடிக்கி. செவப்பு போட்டா ஆள மாத்துவாங்கன்னு சொன்னியே?"

"சொல்லிருக்கேன் அத்தான். பாக்காங்க. இப்பம் ஆள் கொறவு."

அத்தான் பிறகு சொன்னார்.

"ஒனக்கு ஆபீஸ்ல சேர்ற நேரம்லா. சொந்த அத்தானையே உக்கார வைக்கான்னு எவனும் பேசிறப்பிடாது. உங்க அக்காட்ட ஒண்ணும் சொல்லாண்டாம், பதறிருவா. ஊருக்குப் போவும்போ நானே சொல்லிக்கிடுதேன்."

அடுத்த நாள் அவரே பச்சை போட்டார். ஐந்து நாள் போட்டார். நான் அப்போதே தடுத்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று அக்கா நினைக்கலாம். அவர் எனக்காகப் போட்டார் என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஐந்து நாளும் நான் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. நிம்மதியாக இருந்தது.

பிறகு ஒரு திங்கட்கிழமை. பொன்முடி விரிப்புகள் கதவு வரைக்கும் கிடந்தன. எட்டே காலுக்குப் பெட்டியைத் திறந்தேன். எல்லாம் பச்சையும் மஞ்சளும். அடியில் நாற்பத்தேழாம் நம்பர் சிவப்பு. அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு ரோலர் பக்கம் பார்த்தேன். அத்தான் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். நின்று வேலை செய்கிறாரே என்று நினைத்தேன். பச்சை ஏற்றினேன். அன்று நூறாம் நாள்.

பதினொன்றே முக்காலுக்கு விழுந்தார். அப்போது நான் ஆபீஸில் மறுநாள் விழாவுக்குப் படங்கள் சேர்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனி வண்டியில் நான்தான் மடியில் தலையை வைத்துக் கூட்டிப்போனேன். வழியில் உயிர் இருந்தது, என் கையைப் பிடித்திருந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், முன்னால் வலி ஏதாவது இருந்ததா, எத்தனை நாளாக என்று. என் கையில் போன் இருந்தது. போனில் இருந்ததைச் சொன்னேன். ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருந்தார் என்றேன். அவர் அதன்படியே எழுதிக்கொண்டார்.

விழாவை ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள். ரத்து செய்யவில்லை, ஏனென்றால் சிவப்பு எதுவும் பதிவாகவில்லை.

பதினாறாம் நாள் மேடம் புளியங்குடிக்கு வந்து, அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அத்தானுடைய பதிவைக் காட்டினார். வரிசையாகப் பச்சை. ஆறுதலுக்காகத்தான் காட்டினார். அக்கா அதைப் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்த்துச் சொன்னதை நான் கதவோரம் நின்று கேட்டேன்.

"எனக்குத்தான் சொல்லல. கேக்கதுக்குன்னே எந்தம்பிய ஒக்கார வச்சிருந்தாங்கல்லா, அவங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லா. பாவி மனுசன்."

அப்போதே சொல்லியிருப்பேன். வீடு நிறைய ஆள் இருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் சொன்னால் அக்கா தாங்கமாட்டாள் என்று கணித்தேன்.

இப்போது தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அத்தான் சொன்னார். பன்னிரண்டு முறை பெட்டியில் சொன்னார், ஒரு முறை வாயால் என்னிடம் சொன்னார். பன்னிரண்டையும் நான் மாற்றினேன். அது எந்தப் பதிவிலும் கிடையாது, எனக்கு மட்டும்தான் தெரியும். நாளைக்கு மேடத்திடமும் சொல்லலாம் என்று இருக்கிறேன். இப்போது மூன்று கிளைக்கும் பெட்டி வைத்திருக்கிறார்கள், நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நல்லபடியாகப் போகிறது. அதனால் எந்த நேரத்தில் சொல்வது என்று பார்க்க வேண்டும்.

அக்கா, படத்தைத் திருப்பி வை. அவருக்குப் பூ வை.

படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். படித்து முடித்ததும் அக்காவிடம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று ஒரு வார்த்தை எனக்கு அனுப்பினால் போதும். சிவப்பு என்று சொன்னால் உடனே அனுப்ப வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் கொஞ்ச நேரம் பேசிப் பாருங்கள்.