நீலம் நீலத்தோட, மஞ்சள் மஞ்சளோட

— அதைத்தான் நானும் கேக்கறேன். கடையில துணியை முழுசாத்தானே வாங்கறே?

— ஆமா, அண்ணி.

— முழுசா வாங்கிட்டு வந்து, இந்த மேஜையில போட்டுத் துண்டு துண்டா வெட்டறே.

— ஆமா.

— வெட்டினதை எல்லாம் மிஷின்ல குடுத்து மறுபடி ஒண்ணாச் சேத்துப் போர்வையாத் தைக்கறே.

— ஆமா, அண்ணி.

— ஏம்மா, கடைக்காரன் குடுக்கும்போதே அது ஒண்ணாத்தானே இருந்துது!

— கல்யாணமான புதுசுல உங்க தம்பியும் இதே ஜோக்கைச் சொன்னார். அப்பச் சிரிச்சேன்.

— ஜோக்குன்னு யாரு சொன்னா? வயித்தெரிச்சல்ல கேக்கறேன். இந்தா பாரு, நான் சுத்தி வளைச்சுப் பேசறவ இல்லை. இந்த ரூமைக் காலி பண்ணு. அதைச் சொல்லத்தான் பஸ் மாறி பஸ் ஏறி வந்திருக்கேன்.

— எது, என் தையல் ரூமையா?

— தையல் ரூமாம்! வீட்டுலயே நல்ல ரூம் இது. ஜன்னல் பெருசு, காத்து வருது, பக்கத்துலயே பாத்ரூம். இதுல குடியிருக்கறது யாரு? நூல்கண்டு. மனுஷங்க இருக்க வேண்டிய இடத்துல நூல்கண்டு காலை நீட்டிப் படுத்திருக்கு.

— எந்த மனுஷங்க, அண்ணி? இந்த வீட்டுல நாங்க ரெண்டே பேர்.

— ஏன், என் தம்பி மனுஷன் இல்லையா? பாவம், ஹால்ல உக்காந்து மடியில லேப்டாப்பை வச்சுக்கிட்டு கழுத்து வலியில துடிக்கறான். அவனுக்குன்னு ஒரு மேஜை, ஒரு கதவு உண்டா?

— ஹால்ல டிவி இருக்கு அண்ணி. லேப்டாப் முன்னாடி, மேட்ச் பின்னாடி. கதவு போட்ட ரூம் குடுத்தா அன்னிக்கே வேலையை விட்டுடுவார்.

— ரூம் வேணும்னு என்கிட்ட வாய் விட்டுச் சொன்னான்.

— எப்பச் சொன்னார்?

— சொன்னான்.

— இருங்க, இப்பவே போன் போட்டுக் கேட்டுடறேன்.

— எதுக்கு இப்ப போனு? வேலையா இருக்கறவனைப் போயித் தொந்தரவு பண்ணிக்கிட்டு! நான் என்ன பொய்யா சொல்றேன்? போனை வை முதல்ல. வச்சியா? அப்புறம், சுவத்துல தொங்குதே, அது என்ன? மீனா?

— வாத்து.

— வாத்து எங்கயாவது முக்கோணமா இருக்குமா?

— அந்தத் தையல் டிசைனுக்கே பேரு பறக்கிற வாத்து. முக்கோண முக்கோணமா வச்சுத் தைக்கறது.

— பறக்கட்டும். ஜன்னல் திறந்துதானே இருக்கு.

— நீங்க தமாஷ் பண்றப்ப உங்க முகம் மட்டும் கடுகடுன்னே இருக்கு அண்ணி. அது ஒரு திறமை.

— பேச்சை மாத்தாதே. பல் டாக்டருக்கு வேற ஒண்ணு தைச்சுக் குடுத்தியாமே? பல்லைப் பிடுங்கினவனுக்கு யாராவது போர்வை குடுப்பாங்களா?

— வலிக்காமப் பிடுங்கினார்.

— எனக்கும்தான் ஒண்ணு குடுத்தே.

— குடுத்தேன். ஓரம் முழுக்கக் கையாலயே தைச்சேன். விரல் நுனி எல்லாம் சல்லடை.

— வீணாப் போகலை. இஸ்திரி போடறப்ப அடியில விரிக்கறேன். சூடு நல்லாத் தாங்குது.

— தெரியும். உங்க வீட்டுக்கு வந்தப்பப் பாத்தேன். நடுவுல இஸ்திரிப் பெட்டி முகம் பதிஞ்சிருந்துது. உங்க முகமும் பக்கத்துலயே இருந்துதா, எது எதுன்னு ஒரு நிமிஷம் புரியலை.

— வாய்! இந்த வாயைத் தைக்கறதுக்கு ஒரு நூல்கண்டு இல்லையா உன்கிட்ட?

— அதுக்கு நல்ல நூலா வேணும் அண்ணி. சரி, டீ போட்டுக்கிட்டு வரேன். நீங்க அந்த நாற்காலியிலயே உக்காந்திருங்க. தரையில விரிச்சிருக்கறதை மட்டும் மிதிச்சுடாதீங்க.

— தரையே தெரியலை, எதை மிதிக்கறது? ஏதோ பட்டாசு வெடிச்ச இடம் மாதிரி கிடக்கு. போ, போ. நான் என்ன சின்னக் குழந்தையா?

— தொடவும் வேண்டாம்.

— சரிங்கறேன்ல! ... சர்க்கரை கம்மியாப் போடு! ... கேக்குதா? ... அட, என்ன இது. ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க. நீலத்துக்குப் பக்கத்துல கறுப்பு, கறுப்புக்குப் பக்கத்துல ஊதா. தைக்கத் தெரிஞ்சா போதுமா? ஒரு பொருளை ஒழுங்கா வைக்கத் தெரிய வேண்டாமா? குனிஞ்சு ஒரு கை பாத்தா ஆச்சு...

— சர்க்கரை கம்மிதான். சூடா இருக்கு, பாத்துப் பிடிங்க... அண்ணி.

— என்ன?

— தரையில இருந்தது எங்க?

— அதுவா? எல்லாம் அழகா அடுக்கி அந்த அட்டைப் பெட்டிக்குள்ள வச்சாச்சு. நீலம் நீலத்தோட, மஞ்சள் மஞ்சளோட. பூப் போட்டது தனி. ஒரு நன்றி சொல்லு.

— அடுக்கினீங்களா.

— இடுப்பே விட்டுப் போச்சு. பாரு இப்ப, தரை எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு!

— அண்ணி. அது சிதறிக் கிடக்கலை. அடுக்கித்தான் இருந்துது.

— எது? அதுவா?

— அந்த மூலையில இருட்டு. கறுப்பும் கரு நீலமும். அங்கேருந்து கொஞ்சம் கொஞ்சமா வெளுத்துக்கிட்டே வந்து, இந்தக் கதவுகிட்ட மஞ்சள். விடியற மாதிரி. எந்த நீலத்துக்குப் பக்கத்துல எந்த நீலம்னு மழை ஆரம்பிச்சதுலேருந்து நகத்தி நகத்தி வச்சேன். ஒரு துண்டை எடுத்து அடுத்த இடத்துல வைப்பேன். ஸ்டூல் மேல ஏறி நின்னு பாப்பேன். சரியா இல்லைன்னு இறங்குவேன். இன்னிக்குக் காலையிலதான் சரியா வந்துது.

— விடியறதை ஜன்னல்ல பாத்துக்கக் கூடாதா? தினமும் ஓசியிலதானே விடியுது?

— இனிமே வரிசையாத் தைக்க வேண்டியதுதான் பாக்கி.

— போட்டோ எடுத்து வச்சிருக்கலாமே. எல்லாத்துக்கும் போட்டோ எடுக்கறவதானே நீ?

— வெயில் நேரா அடிச்சா நிறம் வெளிறித் தெரியும். சாயங்காலம் எடுக்கலாம்னு இருந்தேன். நடுவுல நீங்க காலிங்பெல் அடிச்சீங்க.

— அப்ப என் தப்பா?

— உங்களுக்கு ஒரு வியாதி அண்ணி. மத்தவங்க வச்ச பொருள் வச்ச இடத்துல இருந்தா உங்களுக்குக் கை அரிக்கும். போன தடவை வந்தப்ப வீட்டுல இருக்கற கத்தரிக்கோலை எல்லாம் பொறுக்கி ஒரே டிராயர்ல போட்டுட்டுப் போனீங்க. என் துணிக் கத்தரிக்கோலை எடுத்து உங்க தம்பி பால் பாக்கெட் வெட்டினார்.

— கத்தரிக்கோல் வெட்டத்தானே?

— பாருங்க! இதைச் சொல்றவங்ககிட்ட மேல என்ன பேசறது? துணி வெட்டற கத்தரிக்கோலைப் பேப்பர்கிட்டக் கூடக் கொண்டு போகக் கூடாது. முனை மழுங்கிடும். அது உங்களுக்குப் புரியாது. இந்த ஜென்மத்துல உங்களுக்கு எதுவும் புரியப் போறதில்லை. டீயை வச்சுட்டுக் கீழ உக்காருங்க.

— என்னது?

— தரையில உக்காருங்க. எடுத்தவங்கதான் திருப்பி வைக்கணும்.

— எனக்கு முட்டி மடங்காது.

— எடுக்கறப்ப மடங்கிச்சு இல்லையா? உக்காருங்க. எந்த மூலையிலேருந்து ஆரம்பிச்சீங்க?

— இங்கேருந்து... இல்லை, ஜன்னல் பக்கம். ஆமா, ஜன்னல்கிட்டேருந்து கதவுப் பக்கமா வந்தேன்.

— நல்லது. அப்ப ஒவ்வொரு கட்டுலயும் மேல இருக்கறது கடைசியா எடுத்தது. கட்டைக் கலைக்கலையே?

— தட்டி ஓரத்தைச் சமமாக்கினேன்.

— குலுக்கினீங்களா?

— லேசா.

— கடவுளே. சரி, அந்த நீலத்தைக் குடுங்க. அது இல்லை, அது சாம்பல். அதுவும் இல்லை.

— ரெண்டும் நீலம்தான்!

— ஒண்ணு விடியறதுக்கு முன்னாடி, ஒண்ணு விடிஞ்சதுக்கு அப்புறம். இதை இங்க வைங்க. நேரா. இன்னும் நேரா. தலைகீழா வைக்கறீங்க அண்ணி, பூ எல்லாம் தலையில நிக்குது.

— பூ எந்தப் பக்கம் பாத்தா உனக்கென்ன? போத்திக்கிட்டுத் தூங்கறவன் எழுந்து பூவைப் பாப்பானா? அது சரி, இது யாருக்கு? அடுத்த பல்லுக்கா?

— யாருக்கும் இல்லை. எனக்கு.

— போச்சுடா! யாருக்கும் இல்லாத ஒண்ணுக்கு ஒரு ரூம், ஒரு மிஷின், ஒரு மழைக்காலம்!

— ஆமா. எனக்குன்னு இந்த வீட்டுல இருக்கறது இது ஒண்ணுதான். மீதி எல்லாம் உங்க தம்பிக்கும் எனக்கும் பொது. அந்தக் கறுப்பைத் தள்ளுங்க இப்படி.

— இதுக்கு அடுத்தது இந்தப் புள்ளி போட்டது. எடுக்கறப்பப் பாத்தேன். அம்மை போட்ட மாதிரி இருக்கேன்னு நினைச்சேன்.

— பரவாயில்லையே. அசிங்கமாத் தெரிஞ்சா உங்களுக்கு ஞாபகம் இருக்கும் போல. வேற எதெல்லாம் அசிங்கமாத் தெரிஞ்சுது?

— எல்லாம்தான். இந்தக் கட்டம் போட்டது, அது பக்கத்துல இந்தச் சளி நிறம்.

— அது எலுமிச்சை நிறம். ஆனா இடம் சரி. வைங்க. உங்க மருமக எப்படித்தான் உங்களோட ஒரே வீட்டுல இருக்காளோ! அவளுக்குக் கையெடுத்துக் கும்பிடணும்.

— அவளுக்கென்ன. அவ உன்னை விட மோசம். சாப்பிடற மேஜை முழுக்கக் குப்பை.

— அவ வீடு கட்டறதுக்குப் பிளான் வரையறவதானே? வேலையா இருக்கும்.

— என்ன வேலையோ. அட்டையை நகம் நகமா வெட்டிப் பரப்பி வச்சிருந்தா. பொம்மை வீடு கட்டறாளாம், யாரோ பெரிய ஆளுக்குக் காட்டணுமாம். நான் என்னத்தைக் கண்டேன்? அவ குளிக்கப் போனா. மேஜையைத் துடைக்கலாம்னு பாத்தேன்.

— அண்ணி. சொல்லாதீங்க.

— ஜன்னல் ஜன்னலோட, கதவு கதவோட, படி படியோடன்னு தனித்தனி டப்பாவுல போட்டேன். பாதி ஒட்டியிருந்தது வேற. அதை எல்லாம் பதவிசாப் பிரிச்சு...

— பிரிச்சீங்களா!

— கிழியாமப் பிரிச்சேன். உனக்குத் தெரியும், என் கை சுத்தம்.

— நல்லாத் தெரியும். அவ என்ன சொன்னா?

— துண்டைத் தலையில கட்டிக்கிட்டு நின்னு டப்பாவையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் உள்ள போயிக் கதவைச் சாத்திக்கிட்டா. சத்தம் போட்டுத் திட்டவாவது திட்டலாம். திட்டினா நானும் ரெண்டு திட்டியிருப்பேன்.

— உங்க பையன்?

— அவன் என்ன... அவ பக்கம்தானே பேசுவான். இந்த ஊதா எங்க போகுது?

— அந்த வரிசைக் கடைசியில. எனக்குச் சொல்லத் தெரியலை அண்ணி. நீங்க போற இடமெல்லாம் பின்னாடியே ஒருத்தர் வந்து எல்லாத்தையும் கலைச்சு வச்சாத்தான் சரியா வரும். நானா இருந்தா அன்னிக்கே வீடு ரெண்டாகியிருக்கும். அவ நல்லவ. விட்டுட்டா.

— ம்.

— நல்லாக் கேட்டுக்குங்க. இந்த ரூம் காலி ஆகாது. உங்க தம்பி நேர்ல வந்து கேட்டாலும் ஆகாது. அவர் கேக்கவும் மாட்டார். கேட்டதா நீங்களே கதை கட்டிக்கிட்டு வந்தது எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. ஒரு பொம்பளை நிம்மதியா உக்காந்து ஏதோ தைச்சுக்கிட்டு இருக்கா, அது உங்களுக்குப் பொறுக்கலை. அவ்வளவுதான்.

— முழுசாக் காலி பண்ண வேண்டாம்.

— என்னது?

— மிஷின் அங்கயே இருக்கட்டும். மேஜையும் இருக்கட்டும். இந்தச் சுவர் ஓரமா ஒரு மடக்குக் கட்டில் போட்டா, உன் விடியலை மிதிக்காம நடக்க இடம் இருக்கும். கண்ணால அளந்துட்டேன்.

— கட்டிலா? உங்க தம்பி எதுக்கு அண்ணி இங்க வந்து படுக்கணும்?

— அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அவனை விடு. மிஷின் சத்தத்துல எனக்கும் ஒரு பொட்டுத் தூக்கம் வராதுதான். இந்த நூல் தூசிக்குத் தும்மல் வேற வரும்... இந்தா, இதுதான் கடைசி மஞ்சள், நீயே வை, நான் வச்சா கோணலாப் போகும்... இல்லை, நான் என்ன கேக்கறேன்னா, கீழ வாட்ச்மேன்கிட்ட என் சூட்கேஸை விட்டுட்டு வந்திருக்கேன், காலையில பிள்ளைதான் எல்லாத்தையும் மடிச்சு, ஒரு மடிப்புக் கலையாம அடுக்கிக் குடுத்துப் பஸ் ஏத்தி விட்டான்... அதை மேல கொண்டு வரச் சொல்லட்டுமா?