மாமனாரின் வலது கால்

மாமனாரும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டு சந்தோஷமாக இருக்கும் வீடுகள் குறைவு. எங்கள் வீடு அவற்றில் ஒன்று. விசாரணைக்கு வந்திருக்கும் நீங்கள் இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

அவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதி, வலது பாதத்தில் ஆறாத புண். நான் மருத்துவமனையில் அழுத்த அறைச் சிகிச்சையை ஆராயும் டாக்டர். நீளமான இரும்பு உருளைக்குள் ஆட்களை உட்காரவைத்து, அழுத்தத்தை ஏற்றி, முகமூடி வழியாகச் சுத்தமான ஆக்சிஜன் கொடுப்போம். ஆறாத புண், ஒற்றைத் தலைவலி, மறதி என்று பலவற்றுக்கும் சோதித்துக்கொண்டிருந்தோம். பாதிப் பேருக்கு ஆக்சிஜன். ஒப்பிட்டுப் பார்க்க, மீதிப் பேருக்கு வெறும் காற்று. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். அது, வெளியே நின்று குழாயைத் திருப்பும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

உருளையைப் பார்த்ததும் மாமனாருக்குக் குஷி. வரிசையாக இருக்கை, பக்கத்தில் சன்னல்.

"என்ன மாப்ள, கண்டக்டர் இல்லாமலே வண்டிய எடுக்கறீங்க?"

"நான்தான் மாமா டிரைவர். பேசாம உக்காருங்க."

"அதான் பயமா இருக்கு."

நர்ஸ்கூடச் சிரித்துவிட்டார். குலுக்கலில் அவருக்கு ஆக்சிஜன் விழுந்திருந்தது. நான் காற்றைத் திறந்துவிட்டேன்.

காரணம் இருக்கிறது. என் காற்றுக்காரர்கள் கொஞ்சமும் ஒத்துழைக்கவில்லை. தினமும் கட்டு மாற்றியதிலும், நாலு பேர் அக்கறையாக விசாரித்ததிலும் பலருக்குப் புண் ஆறத் தொடங்கிவிட்டது. இப்படி ஆறினால் ஆக்சிஜனின் பெருமையை எப்படி நிரூபிப்பது? ஆறாத ஆள் வேண்டியிருந்தது. மாமனாரோ தலையணைக்கடியில் பிஸ்கட் ஒளித்துவைப்பவர். அவரை நம்பலாம் என்று தோன்றியது. அவரைப் போல நம்பகமான இன்னும் சிலரையும் மாற்றினேன். அவர்கள் சொந்தக்காரர்கள் இல்லை என்பதால் இங்கே நீட்டவில்லை.

மாமனாரின் கால்விரல்கள் கறுத்தபோது மனைவி கேட்டாள்: "அப்பாவுக்கு நெஜ மருந்துதானே போகுது?"

"அதச் சொல்லக் கூடாதும்மா. ஆராய்ச்சி விதி."

விதி விஷயத்தில் நான் கறார்.

கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. கண் விழித்ததும், "பிரேக் போன வண்டி ஆயிட்டேனே மாப்ள" என்றார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "மாப்ள மட்டும் இல்லேன்னா உசுரே போயிருக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை. நோயாளியின் நம்பிக்கையைக் குலைப்பது டாக்டருக்கு அழகில்லை.

ஆமாம், செய்தது நான்தான். தெரிந்தேதான் செய்தேன். அதற்காகக் கல்நெஞ்சக்காரன் என்று எழுதிவிடாதீர்கள். இப்போது இடது பாதத்தில் ஒரு கொப்புளம் கிளம்பியிருக்கிறது. இந்த முறை அவருக்கு நிச்சயம் ஆக்சிஜன்தான். ஒரே உடம்பில் ஒரு காலுக்குக் காற்று, மறு காலுக்கு ஆக்சிஜன். இவ்வளவு துல்லியமான ஒப்பீடு வேறு எந்த மாப்பிள்ளைக்குக் கிடைக்கும்?