நான்காம் பந்தி

பூவரசங்கலட்டி சனசமூக நிலையத்தில் அன்று பின்னேரம் மூவர் இருந்தார்கள். தலைவர் ஆழ்வாப்பிள்ளை மின்விசிறிக்கு நேர் கீழே சாய்கதிரையில். பொருளாளர் ஜெயனி வாசலோரம், தபாற்கந்தோருக்குப் போக ஆயத்தமாக, மோட்டார் சைக்கிள் திறப்பைக் கையில் வைத்தபடி. செயலாளர் சிவசுப்பிரமணியம் மேசைக்கு முன்னால். கடிதத்தில் மூவரும் கையொப்பமிட்டாகிவிட்டது. உறையில் பிரதேச செயலகத்தின் முகவரியை எழுத அவர் பேனையை எடுத்த நேரம் தொலைபேசி அடித்தது.

"ஹலோ... ஓம், ஓம், நான் தான்... ஆர், றஊபே? என்னடாப்பா மூச்சு வாங்குது, ஓடிவந்தனியோ? ... ஓம்... என்ன, பேர் வந்திட்டுதோ? ... எந்த வீட்டுத்திட்டம்?"

பேனைக்கு மூடியைப் போட்டார்.

"இல்லை, இல்லை, கேக்குது... ஏழாம் நம்பர் வீடு... ஓம், எங்கடை கிணத்துக்குக் கிழக்காலை இருக்கிற வெங்காயத் தோட்டத்திலை கட்டப்போறது தான்... உன்ரை மனிசி ஸைனம்பு அழுதவவோ? ... பின்னை அழாமல்? தொண்ணூறிலை இயக்கம் உங்கடை முஸ்லிம் சனத்தைக் கலைக்க வெளிக்கிட்டு, புத்தளத்திலை முப்பது வருசம் கொட்டில், திரும்பி வந்தும் ஒரே ஒரு வாடகை அறை... தெரியும்டாப்பா, எனக்குத் தெரியாதே..."

"றஊப், கேள். வேறை ஆக்கள் சொல்லி நீ அறியக்கூடாது. அந்தத் திட்டத்தை நிப்பாட்டச் சொல்லிக் கடிதம் எழுதியாச்சு. எனக்கு முன்னாலை, மேசையிலை தான் கிடக்கு... ஓம்... நான் தான் எழுதினனான்... சிரிக்காதை. பகிடி இல்லை."

"முப்பத்தாறு வீட்டுக்கு முப்பத்தாறு கக்கூசுக் குழியடாப்பா! கீழை முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு, ஓட்டை ஓட்டையா. மேலை ஊத்தினது நேரை கிணத்துக்கை. எங்களுக்கு நல்ல தண்ணி உந்த ஒரு கிணறு தானே, மற்றதெல்லாம் உவர். ஊர் முழுக்க முறை வைச்சு இறைக்குது. அதுவும் போச்சுதெண்டால் ஊரே எழும்பிப் போகவேண்டியது தான்..."

"என்னது? ... பதினெட்டு வீடு... அடியும் சீமெந்து போட்ட குழி, பவுசர் லொறி வந்து உறிஞ்சிக்கொண்டு போற மாதிரி... ம்... ஏலும். ஏலும் தான். அதை நாங்கள் யோசிக்கேல்லை... அண்ணை, இவன் சொல்லுறது நியாயம், பாதி வீடெண்டால்... சரி, சரி, கத்தாதேங்கோ, அங்காலை கேக்குது... உனக்கில்லை மச்சான், தலைவருக்குச் சொன்னனான்."

"வாசிக்கவோ? ... சரி, வாசிக்கிறன். 'முதலாவதாக, நிலத்தடி நீர்'... அது நான் சொன்னது தான்... 'இரண்டாவதாக, தோட்டக்காணி'... 'மூன்றாவதாக, ஒழுங்கையின் அகலம்'... அவ்வளவு தான்..."

"... தாள் பிரட்டின சத்தம் கேட்டதோ? ... இருக்குது, இன்னொரு பந்தி இருக்குது, சும்மா ஒப்புக்கு... சரி. சரி. வாசிக்கிறன்."

"'நான்காவதாக, வேற்றாட்களின் நடமாட்டம் அதிகரிப்பதால் எமது கிராமத்தின் தனித்தன்மையும் ஒழுக்கமும் பெண்பிள்ளைகளின் பாதுகாப்பும்'... றஊப்? ... லைனிலை நிக்கிறியோ?"

"கேள், கேள். உன்னை நினைச்சு எழுதேல்லை. ஒருதரும் எழுதச் சொல்லவுமில்லை... என்ரை பழக்கம் உனக்குத் தெரியும் தானே, பழைய கடிதக் கோவையைப் பாத்துத் தான் எழுதிறனான். சந்தியிலை சாராயக்கடை போட வெளிக்கிட்ட நேரம் அதை எதிர்த்து எழுதின கடிதம் ஒண்டு கிடந்தது. அதின்ரை கடைசிப் பந்தியை அப்பிடியே..."

"... ஓம். சாராயக்கடைக்கு எழுதினது தான்."

"... ஓம்."

"அப்பிடிச் சொல்லாதை மச்சான்... அண்டைக்கு உங்களைப் போகச் சொல்லேக்கை எனக்குப் பதினைஞ்சு வயசு... ஓம், உனக்கும் பதினைஞ்சு தான்... பேசாமல் நிண்டனான், மெய் தான்... ஓம், இண்டைக்கு எழுத்திலையே குடுத்திட்டன், அதுவும் மெய் தான்... பொறு, அந்தப் பந்தியை வெட்டிறன். இப்பவே, நீ லைனிலை நிக்கேக்கையே... றஊப்? ... ஹலோ? ... ஹலோ..."

தொடர்பு அறுந்திருந்தது. திரும்ப எடுத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

கோடிழுத்து வெட்ட அடிமட்டத்தை எடுத்து நான்காம் பந்தியின் மேல் வைத்தார். கடிதத்தில் எதை வெட்டினாலும் கையொப்பமிட்ட எல்லோரும் பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்கவேண்டும் என்பது அவரே கொண்டுவந்த முறை. ஜெயனி பேனைக்குக் கையை நீட்டினாள். ஆழ்வாப்பிள்ளை கைகளைக் கட்டிக்கொண்டார். தண்ணீர் என்றால் செயலகத்தார் சோதித்துப் பார்க்கிறோம் என்பார்கள், ஒழுங்கை என்றால் அகலிக்கிறோம் என்பார்கள், இது ஒன்றுக்குத்தான் பயப்படுவார்கள்; எழுதியதற்குள் பந்தி என்றால் இதுதான் பந்தி என்றார்.

புதிதாக எழுத ஒன்றரை மணி நேரம் வேண்டும். ஆட்சேபனை இன்றைய தபால் முத்திரையோடு போகாவிட்டால் செல்லாது. தபாற்கந்தோர் மூட இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது.

சிவசுப்பிரமணியம் அடிமட்டத்தை மேசை லாச்சிக்குள் போட்டார். உறையில் முகவரியை எழுதினார். கடிதத்தை மூன்றாக மடித்து உள்ளே வைத்து, விளிம்புக்குப் பசை பூசி, அது பிடிக்கும்வரை பெருவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தார். ஜெயனி வாசலில் நின்று, கொண்டுபோகவா என்று கேட்டாள். அவர் நிமிரவில்லை. உறையை மேசை விளிம்புவரை தள்ளிவிட்டார். அவள் எடுத்துக்கொண்டு போனாள்.