தட்டு வாங்கும்போது வேட்டியை யார் பிடிப்பது?

படிப்பு அரைகுறைதான். ஆனாலும் ஒரே தையல் மிஷினில் தொடங்கி, பெரம்பலூரில் பெல்ட் கடை, மாடி வீடு என்று எல்லாம் நானே உண்டாக்கியவை.

இன்று அரியலூர் பஸ்ஸில், மகனின் நிச்சயதார்த்தத்துக்குப் போகிற ஒருவர் முன் சீட்டில் மனைவியிடம் கேட்டார்: "தட்டை ரெண்டு கையால வாங்கணும். அப்ப வேட்டியை யாரு புடிக்கிறது?"

காதைக் கொடுத்தேன்.

"அதுக்குன்னு பச்சை பெல்ட்டா? சம்பந்தி வூட்டுல மாட்டு யாவாரின்னு நெனைப்பாங்க. கழட்டுங்க."

"சபையில வேட்டி அவுந்தா என்ன நெனைப்பாங்க?"

"கழட்டுங்கன்னா!"

"பொண்ணுக்குப் போடற மோதிரமே இதுலதான்டி இருக்கு."

சட்டையைத் தூக்கி, பெல்ட்டின் உள்பை ஜிப்பைத் திறந்து காட்டினார். எட்டிப் பார்த்தேன். என் கடைத் தையல்தான்.

அந்தம்மா சிரித்துவிட்டார். "சரி, சட்டையை நல்லா இழுத்து வுட்டுக்கங்க."

பெல்ட்டுக்குள் ஜிப் பை வைத்தது என் யோசனை. அந்த நிச்சயதார்த்தப் பந்தியில், மோதிரம் பத்திரமாக வந்து சேர்ந்ததற்கு யாராவது என் பேரைச் சொல்லியாக வேண்டும்.