ஆறு வாரத்துச் சாம்பிள்

— ஒரே வார்த்தையில சொல்லு தம்பி. வாங்கலாமா, வேண்டாமா?

— ஒரே வார்த்தையில சொல்ற விஷயமா அண்ணி இது? இந்த அமெரிக்கா ஸ்பேனர் ஒண்ணு விலைக்கு நம்ம ஸ்பேனர் பதினொண்ணு வரும். பதினொண்ணு! அதை எப்படி ஒரே வாயில முழுங்குறது?

— சரி, நிதானமா சொல்லு. ஆளுங்க வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. ஷட்டரை முழுசாத் தூக்காத, பாதியிலயே நிக்கட்டும்.

— எதுக்குப் பாதி?

— யாராவது உள்ள வந்தா பேச்சு அறுந்துபோகும். உட்காரு. மோட்டார் பெட்டி மேல வேண்டாம், கிரீஸ் இருக்கு. அந்த ஸ்டூலை இழு.

— என்னமோ வேலைக்கு ஆள் எடுக்கிற மாதிரி இருக்கு. ம், கேளுங்க.

— முதல்ல பிடி எப்படி?

— பிடி நல்லாத்தான் இருக்கு. கையில அம்சமா உட்காருது. எடையும் நம்மளதுல முக்கால் பங்குதான், சாயங்காலம் தோள்பட்டை வலிக்கல. ஆனா பளபளன்னு கண்ணாடி கணக்கா தேய்ச்சு வச்சிருக்கான். கையில கொஞ்சம் கிரீஸ் பட்டா போதும், விலாங்கு மீன் கணக்கா நழுவுது. ஸ்பேனருக்கு எதுக்கு அழகு? போன வாரம் வெல்டர் கால்மேல விழப் பார்த்துச்சு. அவர் விட்ட வார்த்தையை உங்ககிட்ட சொல்ல முடியாது.

— சொல்ல வேண்டாம். ஆபீஸ் ரூம் வரைக்கும் கேட்டுச்சு. ஸ்பேனர் வாய் விரிஞ்சிருக்கா?

— அதான் எனக்குப் புரியல அண்ணி. நாற்பத்தாறு சைஸ் நம்மளது ஒண்ணு, அவங்களது ஒண்ணு, ரெண்டும் புதுசு, ரெண்டையும் ஒரே நாள்ல வேலைக்கு எடுத்தேன். கல் உடைக்கிற மெஷினோட அடிப்பக்கத்து போல்ட்டு இருக்கே, துருவேறி மண்ணோட மண்ணா கிடந்தது, எல்லாத்தையும் சுத்தியலால தட்டித் தட்டித்தான் கழட்டினோம். ஸ்பேனர்ல தட்டக் கூடாது, தெரியும். துருப்பிடிச்ச போல்ட்டுக்கு அது தெரியணுமே. நேத்து வெர்னியர் அளவுகோல் வச்சு அளந்து பார்த்தேன். நம்மளது அரை மில்லி விரிஞ்சிருக்கு. அவங்களது வச்ச அளவு வச்ச மாதிரியே நிக்குது.

— ஒரு தடவைதான் அளந்தியா?

— மூணு தடவை. வெர்னியர்ல கோளாறோன்னு பக்கத்து லேத்துப் பட்டறையில இருந்து வேற வெர்னியர் வாங்கிட்டு வந்து அளந்தேன். அதே அளவுதான். அந்த லேத்துக்காரன் சிரிக்கிறான், 'உங்க அண்ணி ஸ்பேனர் வாங்குறாங்களா, வைரம் வாங்குறாங்களா'ன்னு.

— நட்டு எல்லாம்?

— நட்டு விஷயத்துல குறையே சொல்ல முடியாது. நம்ம ஸ்பேனர் நட்டோட மூலையைப் பிடிச்சு மூலையைத் தின்னுடும். அப்புறம் நட்டு கோலிக்குண்டு கணக்கா உருண்டையாயிடும், உளி வச்சு வெட்டித்தான் எடுக்கணும். இவன் மூலையைத் தொடுறதே இல்ல, பக்கத்தைத்தான் பிடிக்கிறான். ஆறு வாரத்துல ஒரு நட்டு கூட வெட்டல நாங்க. அதுக்கு முந்தின ஆறு வாரத்துல பதினாலு வெட்டினோம்.

— அப்போ வாங்கலாம்ங்கிற.

— நான் எங்க சொன்னேன்? பெட்டியில இருபத்தாறு ஸ்பேனர் இருக்கு. சரிபாதி இன்ச் அளவு. நமக்கு எதுக்கு இன்ச்? பழைய கம்ப்ரசர் ஓட்டுற ஐஸ் ஃபேக்டரி ஒண்ணு, அச்சகம் ஒண்ணு. இந்த ரெண்டு இடத்துக்காக பதிமூணு ஸ்பேனரா? மொட்டைத் தலைக்கு டஜன் கணக்குல சீப்பு வாங்கின மாதிரி இருக்கும்.

— ம். அப்புறம்?

— அப்புறம் இதெல்லாம் வெளிவேலைக்கு எடுத்துட்டுப் போனா கால் முளைச்சிடும் அண்ணி. ஏற்கனவே ஒருத்தன் சிமென்ட் ஃபேக்டரியில கேட்டான், 'இது எங்க வாங்கினது'ன்னு. கேட்ட விதமே சரியில்ல. அன்னைக்கு முழுக்க வேலையைப் பார்த்ததை விட ஸ்பேனரைப் பார்த்ததுதான் அதிகம்.

— ஆயுள் முழுக்க உத்தரவாதம்னு போட்டிருக்கே.

— யாரோட ஆயுளாம்? ஸ்பேனரோடதா, நம்மளதா? உடைஞ்சா அமெரிக்காவுக்கு அனுப்பணும். அது கப்பல் ஏறிப் போய்த் திரும்பி வர்றதுக்குள்ள உங்க பாப்பாவுக்கே பேரன் பொறந்துடுவான்.

— அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டாம். சாம்பிள் குடுத்தாரே, அவர் கடையில குடுத்தா அவரே மாத்திக் குடுத்துடுவாரு.

— அவர் கடை இருக்கிற வரைக்கும்.

— அப்படித்தான் அவரும் சொன்னாரு. 'என் கடை இருக்கிற வரைக்கும்தான் இந்த ஆயுள்'னு.

— விக்கிறவன் பேசுற பேச்சா இது?

— சரி, முடிவா என்ன சொல்ற?

— முடிவா... முழு செட்டு நமக்குத் தண்டம். முப்பத்தாறு, நாற்பத்தொண்ணு, நாற்பத்தாறு. இந்த மூணு மட்டும் எடுத்துக்கலாம். நம்ம உயிரை வாங்குற போல்ட்டெல்லாம் இந்த மூணு சைஸ்லதான் இருக்கு. மத்ததுக்கு நம்ம ஸ்பேனரே போதும். கைப்பிடியில பழைய சைக்கிள் ட்யூப் வெட்டி மாட்டிட்டா நழுவாது. அவ்வளவுதான் என் தீர்ப்பு. ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? என்ன பேப்பர் அது?

— படி.

— 'கிரீஸ் கையில நழுவும். இன்ச் அளவு உங்களுக்குத் தேவைப்படாது. வெளிவேலையில திருட்டுப் போகும், அதுக்கு நான் பொறுப்பில்ல. நாற்பத்தாறு சைஸ் சுத்தியலடி வேலையில கால் மில்லி விரியலாம். முழு செட்டு வேண்டாம், மூணு சைஸ் போதும்.' அடப்பாவி. சைஸ் கூட அதே மூணு. இது யாரு எழுத்து? நான் அளவு குறிச்சு வச்ச நோட்டைப் பார்த்து எழுதினதா?

— கீழ தேதி பாரு.

— இது... சாம்பிள் வந்த அன்னைக்குத் தேதி.

— அவர் எழுத்துதான். நான்தான் எழுதச் சொன்னேன். 'நல்லதை எல்லாரும் சொல்லுவாங்க, உங்க சரக்குல இருக்கிற கெட்டதை எழுதிக் குடுங்க'ன்னேன். கால் மணி நேரம் உட்கார்ந்து யோசிச்சு எழுதினாரு. நடுவுல ஒரு வரியை அடிச்சிட்டு திரும்ப எழுதினாரு.

— ஆனா விரியலையே அது. தன் சரக்கைத் தானே குறைச்சு எழுதியிருக்காரு.

— ஆமா.

— நல்ல வியாபாரி! இப்படிப் போனா கடைக்குப் பூட்டுதான். சரி, ஆளு உண்மைதான் எழுதியிருக்காரு, ஒத்துக்கிறேன். மூணு ஸ்பேனரை எடுத்துக்கிட்டு பெட்டியைத் திருப்பிக் குடுத்துடுவோம். அதோட அவர் வர்றதும் நிக்கட்டும்.

— ஏன், அவர் வர்றதுல உனக்கு என்ன?

— கேட்டுட்டீங்க, சொல்லிடுறேன். சாம்பிள் குடுத்தவன் ஒரு தடவை வருவான், வேணுமா வேண்டாமான்னு கேட்பான், போவான். இந்த சாம்பிள்காரர் வாராவாரம் வியாழக்கிழமை டான்னு பத்து மணிக்கு வந்து நிக்கிறாரு. ஸ்பேனரைப் பத்தி ரெண்டு நிமிஷம், மத்ததைப் பத்தி ஒரு மணி நேரம். ஆபீஸ் ரூம் ஃபேனைக் கழட்டி எண்ணெய் போடுறாரு. பாப்பாவுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கிறாரு. எனக்கு என்ன சந்தேகம்னா, இந்த ஆளு ஸ்பேனர் விக்க வரல. பட்டறைமேல கண்ணு.

— பட்டறைமேல இல்ல.

— பின்ன எதுமேல?

— ஷட்டர் பக்கம் யாரும் நிக்கலையே?

— அண்ணி?

— நீ குழந்தை இல்ல தம்பி. ரெண்டு பிள்ளைக்கு அப்பா.

— ஓ.

— ஆமா.

— அந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் குடுங்க.

— இந்தா.

— அண்ணன் போய் ஆறு வருஷம்தான் ஆச்சு.

— ஆறு வருஷம், நாலு மாசம்.

— அண்ணன் இருந்திருந்தா...

— இருந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. அவரோட நான் குறையா வாழல, அது உனக்கும் தெரியும். அதையும் இதையும் ஒரே தட்டுல வச்சுப் பேசாத.

— நான் அப்படி ஒண்ணும்... அப்போ இந்த ஆறு வாரமா நான் விழுந்து விழுந்து அளந்ததெல்லாம்?

— அதுவும் வேணும். ஸ்பேனர் வேணும்தானே நமக்கு. நீ ஸ்பேனரை அளந்த. நான் இந்தப் பேப்பரையும் உன் நோட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வாராவாரம் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

— நோட்டைப் பார்த்துட்டு எதுக்கு என்னை இவ்வளவு கேள்வி கேட்டீங்க?

— உன் வாயால வரட்டும்னு. 'அவர் பொய் சொல்ற ஆளு இல்ல'ன்னு நான் சொன்னா நீ நம்பமாட்ட. அண்ணிக்குக் கண்ணு மறைக்குதும்ப. உன் வெர்னியர் சொன்னா நம்புவ.

— ரொம்ப விவரம்தான் நீங்க.

— ஆறு வருஷம் கம்பெனிக்காரங்களோட பேரம் பேசினேனே, வராம இருக்குமா?

— அவருக்குக் குடும்பம் கிடும்பம்?

— சம்சாரம் தவறி ஒன்பது வருஷம். பிள்ளைங்க இல்ல. காதுகேட்காத அக்கா ஒருத்தங்க கூட இருக்காங்க. போன மாசம் அவங்களைப் பார்த்துட்டு வந்தேன்.

— வீட்டுக்கே போயிட்டு வந்தாச்சா! எப்போ?

— நீ கல் மெஷினுக்குப் போயிருந்த அன்னைக்கு. உன் பொண்டாட்டியைத் துணைக்குக் கூட்டிட்டுப் போனேன்.

— அவளா? என் பொண்டாட்டியா? ராத்திரி சாம்பார்ல உப்பு கூடிப்போனாக்கூட ஊருக்கே சொல்ற பொம்பளை, ஒரு மாசமா வாயைத் திறக்கலையே!

— நான்தான் சத்தியம் வாங்கினேன். பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டா.

— அதான் ஒரு மாசமா என்னைப் பார்த்தா சும்மா சும்மா சிரிச்சுக்கிட்டிருந்தா. நான் வேற புதுச் சட்டை நல்லா இருக்குன்னு சிரிக்கிறான்னு நினைச்சேன். சரி, பாப்பா?

— பாப்பாகிட்ட ஞாயித்துக்கிழமை சொன்னேன். கணக்கு நோட்டை மூடி வச்சா. அப்புறம் கேட்டா, 'நாம இந்த வீட்லதானே இருப்போம்?'னு. ஆமான்னேன். 'சித்தப்பாவுக்குத் தெரியுமா?'ன்னா. தெரியாதுன்னேன். 'அவருக்கு முதல்ல சொல்லியிருக்கணும்'னா.

— சொன்னாளா அப்படி?

— சொன்னா. அதுல இருந்து எனக்கும் மனசு சரியில்ல. அதான் இன்னைக்குப் பாதி ஷட்டர்.

— பட்டறை?

— பட்டறை உன் பேர்லயும் என் பேர்லயும் இருக்கு. அப்படியே இருக்கும். அவர் இதுக்குள்ள வரமாட்டாரு. வரணும்னு நினைச்சாலும் நான் விடமாட்டேன். அதை அவர்கிட்டயும் சொல்லிட்டேன்.

— ஊர்ல நாலு பேரு நாலு விதமா...

— சொல்லுவாங்க. ஒரு பொம்பளை பட்டறை நடத்துறாளான்னு கேட்டதும் அதே நாலு பேருதான். அப்போ நீ என்ன பண்ணின?

— ஒருத்தன் சட்டையைப் பிடிச்சேன்.

— இப்போ யார் சட்டையையும் பிடிக்க வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்.

— சும்மா இருக்கிறதுதான் அண்ணி எனக்குக் கஷ்டம்.

— தெரியும்.

— எனக்கு அவரைப் பிடிக்கும்னு சொல்லமாட்டேன். இப்போதைக்கு இல்ல. நடக்கும்போது செருப்பைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடக்கிறாரு. அது ஒண்ணு.

— அது எனக்கும் பிடிக்கல.

— ஆனா தப்பான ஆளுன்னு சொல்ல முடியல. எழுதிக் குடுத்துட்டாரே பாவி. சரி. உங்க இஷ்டம் அண்ணி. உங்க இஷ்டம்னா, வெறும் வாய் வார்த்தைக்குச் சொல்லல.

— ம்.

— கண்ணைத் துடைக்காதீங்க, கையில கிரீஸ். இந்தாங்க, துணி. இன்னைக்கு வியாழக்கிழமை இல்ல?

— ஆமா.

— பத்து மணிக்கு வந்துடுவாரு.

— வருவாரு.

— ஷட்டரைத் தூக்கிடவா? நான் வேணும்னா அந்த நேரத்துக்கு வெல்டரைக் கூட்டிக்கிட்டு வெளியில போயிடுறேன். நீங்க நிம்மதியா உட்கார்ந்து கல்யாணத்துக்கு அவருக்குப் பதில் சொல்லுங்க. பாவம் மனுஷன், எத்தனை வாரமாக் காத்துக்கிட்டிருக்காரோ.

— பதில் சொல்ல வேண்டியது நான் இல்ல தம்பி. அவர்தான். போன வியாழக்கிழமை கேட்டது நான்.