புயல்வேந்தனின் உயரமும் மாப்பிள்ளையின் உயரமும்

விழாவுக்குத் தலைமையேற்று, போட்ட மாலையைக் கழற்ற மனமில்லாமல் கழுத்திலேயே வைத்துக்கொண்டு வீற்றிருக்கும் பெரியவர் கலியாணசுந்தரம் அவர்களே, பிள்ளையார்பாளையத்தின் பெருமைக்குரிய பெரியோர்களே, தறிக்கு ஒருநாள் ஓய்வு தந்துவிட்டுத் தம்பதியை வாழ்த்த வந்திருக்கும் தாய்மார்களே, சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து சைக்கிளில் வந்திறங்கிய சிந்தனைச் செல்வர்களே, சாம்பார் வாளியோடு கதவோரம் நின்று, இவன் எப்போது முடிப்பான் என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் பரிமாறும் தம்பிகளே, உங்கள் அனைவருக்கும் காஞ்சி வீரப்பொம்மை மன்றத்தின் தலைவன் கோதண்டபாணியின் கனிவான வணக்கம்.

என்னை ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் முடிப்பதற்கு நான் என்ன வானிலை அறிக்கை வாசிக்கவா வந்திருக்கிறேன்? நின்றுபோக இருந்த ஒரு திருமணம் நிற்காமல் நடந்த கதையை நெஞ்சில் சுமந்துகொண்டு வந்திருக்கிறேன். அதை இறக்கி வைக்காமல் இந்த மேடையை விட்டு நான் இறங்குவதாக இல்லை. அப்பளம் ஆறிவிடும் என்று யாரோ குரல் கொடுக்கிறார்கள். ஆறட்டும் ஐயா, வேறு அப்பளம் பொரித்துக்கொள்ளலாம்.

வளர்ந்த ஆட்கள் பொம்மை வைத்து விளையாடுகிறார்களா என்று முன்வரிசையில் ஒருவர் பக்கத்துக்காரரின் காதில் கேட்கிறார். நீங்கள் காதில் கேட்டாலும் அது மைக்கில் விழுகிறது. நாங்கள் விளையாடுவதில்லை, சேகரிக்கிறோம். காலை மடக்கினால் மடங்கும், கழுத்தைத் திருப்பினால் திரும்பும், கையில் வாளைக் கொடுத்தால் இறுகப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் வீரர்கள் அவர்கள். பாரிமுனையில் தேடித் தேடி வாங்கியவர்கள் சிலர். சிங்கப்பூர்ச் சொந்தக்காரர்களின் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு பறந்து வந்தவர்கள் சிலர். அட்டையில் வாயில் நுழையாத ஒரு பெயர் இருக்கும். நாங்கள் முறைப்படி தமிழ்ப் பெயர் சூட்டி, அதை அவர்கள் காதில் ஓதி, கூடியிருப்பவர்களுக்குக் கற்கண்டு கொடுத்து, அதன் பிறகே அலமாரியில் ஏற்றுவோம். அப்படி ஏறியவர்தான் எங்கள் மன்றத்தின் மணிமகுடம், மார்பகன்ற மாவீரன், நீலப் போர்வை போர்த்த நெடியோன், புயல்வேந்தன்.

அலமாரி என்றால் ஏதோ வாங்கியதை வரிசையாக அடுக்கினால் ஆயிற்று என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு தட்டில் நிற்கும் வீரர்கள் எல்லோரும் ஒரே விகிதத்தில் இருந்தாக வேண்டும். எங்கள் மன்றத்தின் விகிதம் ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது, உண்மையில் ஓர் அடியாக இருப்பது பொம்மையில் ஓர் அங்குலம். ஆறடி ஆள் ஆறங்குலம்; ஐந்தடி ஆள் ஐந்தங்குலம். தாய்மார்களுக்குப் புரிந்துவிட்டது, தலையாட்டுகிறார்கள். பின்வரிசை ஆண்கள்தான் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

விகிதம் தவறினால் என்ன ஆகும்? வீரன் வில்லனின் முழங்காலுக்கு நிற்பான். குதிரை ஆட்டுக்குட்டியாகிவிடும். காவலன் கோட்டை வாசலுக்குள் நுழைய முடியாமல் கோட்டையின் மேலேயே உட்கார வேண்டி வரும். இதெல்லாம் சின்ன விஷயமா? கொம்பு வைத்த தலைக்கவசத்தைச் சேர்த்து அளப்பதா, சேர்க்காமல் அளப்பதா என்ற ஒரே கேள்வியில் எங்கள் மன்றம் கொம்புக் கட்சி என்றும் உச்சந்தலைக் கட்சி என்றும் பிளந்து, எதிரெதிர் டீக்கடைகளில் டீ குடித்த காலமும் உண்டு.

அந்த மன்றத்தில் அன்று நடந்ததைக் கேளுங்கள். புயல்வேந்தன் கதைப்படி ஆறடி உயரம். அட்டையின் முதுகில் அச்சடித்தே இருக்கிறது. பொம்மையும் அப்படியே ஆறங்குலம் இருக்கிறதா என்று பார்க்க, இதோ இங்கே மாப்பிள்ளைக் கோலத்தில் வெட்கப்பட்டு அமர்ந்திருக்கும் தம்பி தினகரன் முன்வந்தார். தினகரன் யார்? நெசவாளி வீட்டுப் பிள்ளை. நெசவாளி வீட்டுப் பிள்ளை எதைக் கொண்டு அளப்பார்? நூலைக் கொண்டு அளப்பார்.

தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூலில் ஓர் இழையை எடுத்தார். அதன் முனையைப் புயல்வேந்தனின் உச்சந்தலையில் வைத்தார். நெற்றியில் இறக்கினார், மூக்கில் ஏற்றினார், மார்பில் ஏற்றி இறக்கினார், வயிற்றுத் தசை ஒவ்வொன்றிலும் ஒன்றுவிடாமல் தவழவிட்டார், முழங்காலைக் கடந்து பாதத்தில் கொண்டுபோய் முடித்தார். நூலை நீட்டிப் பார்த்தால் ஏழங்குலம். மன்றம் மயங்கி நின்றது.

“இது நம்ம விகிதம் இல்லண்ணா,” என்றார் தினகரன். “ஏழடி ஆளு. தட்டுல இருந்து எறக்கிடுங்க.”

எங்கள் செயலாளர் பாச்சா, சின்னக் காஞ்சிபுரத்துக்காரர், திவ்யமான மனிதர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “ஏன் தினகரா, கண்ணுக்கு எல்லாரோடயும் சமமாத்தானே தெரியறார்?”

“கண்ணு ஏமாத்தும் பாச்சா. நூலு ஏமாத்தாது.”

அப்போதுதான், அன்று முதல்முறையாக மன்றத்துக்கு வந்து வாசலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தார். எழுந்தார், எழுந்தார், எழுந்துகொண்டே இருந்தார். அவ்வளவு உயரம். அவர்தான் இந்த மணமகள் துர்காதேவி. விறுவிறுவென்று வந்தார். புயல்வேந்தனைச் சுவரோடு சேர்த்து நிறுத்தினார். தலைமேல் ஒரு தீப்பெட்டியைப் படுக்கவைத்தார். அது சுவரைத் தொட்ட இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். அடிக்கோலை எடுத்து அளந்தார். அசல் ஆறங்குலம்.

“மார்ல ஏறி எறங்கி, வயித்துல ஏறி எறங்கி வந்தா ஏழு வராம இன்னா வரும்?” என்று தினகரனைக் கேட்டார். “நீங்க அவரு ஒசரத்த அளக்கறீங்களா, மேடு பள்ளத்த அளக்கறீங்களா?”

புயலுக்கு அஞ்சாத புயல்வேந்தன் காப்பாற்றப்பட்டார். பூவையின் ஒரு கேள்வியில் தினகரன் கவிழ்ந்தார். நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். மனத்தைத்தான் சுருட்ட முடியவில்லை. அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் இருவரும் சேர்ந்துதான் பொம்மைகளை அளந்தார்கள். ஒரே பொம்மையை நான்கு வாரம் அளந்தபோதுதான் எங்களுக்கே விஷயம் விளங்கியது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொள்கிறார். குனியாதீர்கள் தம்பி, குனிவதைப் பற்றித்தான் பிறகு பேசப் போகிறேன்.

இரு வீட்டாருக்கும் தெரிந்தது. ஒரே ஊர், ஒரே தொழில், ஒன்றுவிட்ட உறவு. தடை என்ன? ஒன்றே ஒன்றுதான். மணமகளின் தந்தை வீரபாகு ஐயா, இதோ மாலையும் மஞ்சள் துண்டுமாக நிற்கிறாரே, அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

“பையன் தங்கமான பையன்தான். ஆனா பொண்ண விட குள்ளமா கீறான். பக்கத்துல நின்னா ஊரு சிரிக்கும். என் வூட்டுக்காரிய பாருங்க, எவ்ளோ அடக்கமா என் தோளாண்ட நிக்கிறா. அதாம்பா அழகு.”

மணமகள் வீட்டில் பேசிப் பார்க்க நானும் பாச்சாவும் தினகரனை அழைத்துக்கொண்டு போனோம். இந்தப் பையனுக்கு அந்த ஒரு பதிலில் வாழ்க்கையே அடங்கியிருந்தது. நாங்கள் கெஞ்சியதைக் கேட்டு வீரபாகு ஐயா கொஞ்சம் இளகினார். “சரி, நானே அளந்து பாக்கறேன். என் பொண்ண விட ஒரு நூல் ஒசந்து இருந்தாலும் தட்டு மாத்திடலாம்” என்றார். சொல்லிவிட்டு எதை எடுத்தார்? சபையோரே, எதை எடுத்திருப்பார்? ஆமாம், சரியாகச் சொன்னீர்கள். நூலை எடுத்தார்.

முதலில் மகளை அளந்தார். துர்காதேவி மூங்கில் போல் நேர். நூல் வழுக்கிக்கொண்டு வந்தது. அடுத்து தினகரன். தலையில் தொடங்கி, மார்பு வரை நூல் நல்லபடியாகத்தான் வந்தது. அதற்குக் கீழே மாப்பிள்ளையின் சொத்து இருக்கிறதே, நீங்களே பார்க்கிறீர்கள், பட்டு வேட்டிக்கு மேலே பொலிவாக அமர்ந்திருக்கும் அந்தத் தொப்பை, அதன்மேல் நூல் ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. சிகரத்தில் சற்றே இளைப்பாறியது. பிறகு இறங்கியது. முடிவில் நீட்டிப் பார்த்தால், மாப்பிள்ளை மணமகளை விட இரண்டு விரல் உயரம்.

“நான்தான் தப்பா நெனச்சுக்கினேன்,” என்று வீரபாகு ஐயா மலர்ந்துவிட்டார். “நூலு பொய் சொல்லாது. மங்கை, பழம் பாக்கு எடுத்துக்கினு வா.”

மணமகளின் தாய் மங்கையர்க்கரசி அம்மையார் தாம்பாளத்தோடு வந்துவிட்டார். பாச்சா என் தொடையைக் கிள்ளினார். நான் அவர் தொடையைக் கிள்ளினேன். எங்களுக்குத் தெரியும், இது மேடு பள்ளத்தின் கணக்கு. துர்காதேவிக்கும் தெரியும். தினகரனுக்கு எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். அவர் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடினால் வாழ்க்கை. வாயைத் திறந்தால் வாசல். நானாக இருந்தால் மூடிக்கொண்டு வெற்றிலை போட்டிருப்பேன்.

தினகரன் வாயைத் திறந்தார். “மாமா, நூலு தப்பு.”

“எந்த வூட்ல வந்து இன்னா பேசற நீ?”

“நூலு மேல தப்பு இல்ல மாமா, என் தொப்ப மேல தப்பு. நூலு அது மேல ஏறி எறங்கி வந்துக்கினு இருக்குது. செவுத்துல நிக்க வச்சி அளந்தா நான் துர்காவ விட நாலு விரல் கம்மி. தெரிஞ்சே பொண்ண வாங்கிக்கினு போக எனக்கு மனசு வரல.”

வீரபாகு ஐயா நூலைச் சுருட்டினார். முகமும் சுருண்டது. தாம்பாளத்தை உள்ளே எடுத்துப்போகச் சொன்னார்.

அப்போது துர்காதேவி தன் கண்ணாடி அலமாரியைத் திறந்தார். மூன்று பொம்மைகளைக் கொண்டுவந்து தந்தையின் முன்னால் வைத்தார். ஒன்று, அவரிடம் இருந்த இன்னொரு புயல்வேந்தன். இரண்டு, புயல்வேந்தனின் குள்ளத் தோழன் சிட்டு, ஐந்தங்குலம். மூன்று, தவழும் வயதுக் குழந்தைப் பொம்மை; நிறுத்தினால் சரியாக ஆறங்குலம். புயல்வேந்தனையும் குழந்தையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்.

“ரெண்டும் ஒரே ஒசரம்பா. ஜோடி சேருதா?”

கோபத்தில் இருந்த மனிதர் சிரித்துவிட்டார். “ஐய, பூதம் மாதிரி கீது கொழந்த. தலையே அவன் மார் அகலம் இருக்குது.”

குழந்தையை எடுத்துவிட்டுச் சிட்டுவை நிறுத்தினார். “இப்ப பாருங்க. ஒருத்தன் ஒசரம், ஒருத்தன் குள்ளம். கண்ண உறுத்துதா? உறுத்தாது. ரெண்டு பேரும் ஒரே விகிதம். ஒரே ஒலகத்து ஆளுங்க. நானும் அவரும் அப்படித்தான்பா. வாய மூடிக்கினு இருந்தா கண்ணாலம் முடிஞ்சிருக்கும். மூடலியே அவரு. அவரு சொல்லலைன்னா நானே சொல்லியிருப்பேன். அதுலதான் நாங்க ஒரே விகிதம்.”

வீரபாகு ஐயா பொம்மையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். மனம் ஒப்புகிறது, வாய் ஒப்பவில்லை. “அதெல்லாம் சரிம்மா. போட்டோல எப்படி இருக்கும்? சனம் இன்னா சொல்லும்? உங்கம்மா என் பக்கத்துல நிக்கிற மாதிரி வருமா?” என்றார்.

தாம்பாளத்தோடு கதவருகே நின்ற மங்கையர்க்கரசி அம்மையார் அதைத் தரையில் வைத்தார். கணவரின் பக்கத்தில் வந்தார். முந்தானையைச் சரிசெய்தார். நிமிர்ந்தார். முதலில் முதுகு நிமிர்ந்தது, பிறகு தோள் நிமிர்ந்தது, கடைசியாகக் கழுத்து நிமிர்ந்தது. வீரபாகு ஐயாவை விட மூன்று விரல் உயரத்தில் வந்து நின்றது அந்த முகம்.

ஐயா அண்ணாந்து பார்த்தார். “எப்ப வளந்த நீ?” என்றார்.

“கண்ணாலத்தன்னிக்கே இவ்ளோதான் இருந்தேன். போட்டோ எடுக்க வந்தவரு, கொஞ்சம் குனியம்மான்னாரு. குனிஞ்சேன். அப்பாலிக்கு நிமிருன்னு யாரும் சொல்லல.”

சபையோரே, கொம்பைச் சேர்ப்பதா கூடாதா என்று கட்சி கட்டிச் சண்டை போட்ட எங்கள் கண்ணுக்கு, ஒரு வீட்டுக்குள் ஒரு தாய் குனிந்தே நடந்தது தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. வீரபாகு ஐயா மனைவியின் முகத்திலிருந்து கண்ணை இறக்கி மகளைப் பார்த்தார். பிறகு தாமே குனிந்து தாம்பாளத்தை எடுத்து, எங்களிடம் நீட்டினார். எந்த மேடையிலும் இதைச் சொல்வேன்: மாப்பிள்ளை உண்மை பேசினார், மகள் நியாயம் பேசினார், தாய் நிமிர்ந்து நின்றார், அவ்வளவையும் பார்த்துவிட்டு மனம் மாறத் தெரிந்த தந்தையும் எங்கள் அலமாரியின் மேல்தட்டில் நிற்கத் தகுந்த வீரர்.

மைக்செட்காரர் கையைக் காட்டுகிறார். முடிக்கிறேன். இப்போது வீரபாகு ஐயாவும் எங்கள் மன்ற உறுப்பினர். புயல்வேந்தனுக்குப் பட்டு வேட்டி நெய்து கொடுத்திருக்கிறார். நீளத்தைப் பன்னிரண்டால் வகுத்தார், அகலத்தைப் பன்னிரண்டால் வகுத்தார். நூலின் பருமனை யாரால் வகுக்க முடியும்? சரிகை வேட்டி தகரம் போல் விறைத்து நிற்கிறது. புயல்வேந்தன் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவர் போல அதற்குள் நிற்கிறார். அவரையும் சிட்டுவையும் மன்றத்தின் சீராக மணமக்களுக்கு வழங்குகிறேன்.

உயரங்கள் வேறாகவே இருக்கட்டும், விகிதம் ஒன்றாகவே இருக்கட்டும் என்று வாழ்த்தி, தலைவருக்கும் தாய்மார்களுக்கும் அப்பளம் ஆறும்வரை பொறுத்த அன்பர்களுக்கும் நன்றி சொல்லி அமர்கிறேன். அமர்வதற்கு முன் ஒரே ஒரு வேண்டுகோள். போட்டோக்காரர் தம்பி தர்மன், காலையிலிருந்து கையில் ஒரு மணைப்பலகையை வைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் காலடியையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்து குடும்பப் படம். அந்தப் பலகையைப் போட்டு, அதன்மேல் நீங்கள் ஏறி நின்றுகொள்ளுங்கள். மங்கையர்க்கரசி அம்மா இன்று குனிய மாட்டார். வணக்கம்.